ஒன்றரை டொலரில் ஒரு கல்லூரி



ஒருவரை எவ்வாறு விளிக்கிறோம் என்பதைக் கொண்டே, அவரை நம் உள்ளத்தில் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பதை அறிந்துகொள்ளலாம். பாடசாலையிலே புதிதாகச் சேர்ந்த சிறு பிள்ளையுங்கூட, எழுத்தறிவு பெறுமுன்பே, யாரை ‘ஐயா’ என்றும் யாரை ‘அம்மா’ என்றும் அழைக்கவேண்டும் என்பதை அறிந்துவிடுகிறது. அவ்வாறு மதிப்போடு அழைக்கப்படும் உரிமைக்காக, அறுபது வயதைக் கடந்த பின்னரும் ஒரு பேரவையிலே எழுந்து நின்று வாதாடவேண்டியிருந்த பெண்மணி ஒருவரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1938 ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றான அலபாமாவிலே, பேர்மிங்காம் நகரில், தென்பகுதி மக்களின் நலன் குறித்து ஆராய மாநாடு ஒன்று கூடியிருந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மண்டபத்தின் வெவ்வேறு பக்கங்களிலே அமரவேண்டும் என்பது அந்நகரின் சட்டம். மாநாட்டுக்கு வந்திருந்த ஜனாதிபதியின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ற் அம்மையார், இரு பகுதிக்கும் இடையே தமது கதிரையைப் போட்டு அமர்ந்து, அச்சட்டத்தின் பால் தமக்கிருந்த வெறுப்பைக் காட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதே மாநாட்டிலே நிகழ்ந்த இன்னொரு செய்தியை அறிந்தவர் சிலரே. கூட்டத்தை நடத்திய வெள்ளையினப் பெண்மணி, அவையிலிருந்த முதிய கறுப்பின மாது ஒருவரை ‘மேரி’ என்று வெறும் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தார். அழைக்கப்பட்டவர் எழுந்தார், ஆனால் மேடைக்குச் செல்லவில்லை. தமது பெயர் திருமதி பெத்தூன் என்று அமைதியாகவும் தெளிவாகவும் அறிவித்தார். தலைமை வகித்தவர் அவ்வண்ணமே திருத்தி அழைத்த பின்னரே அவர் அடியெடுத்து வைத்தார்.

அக்காலத்துத் தென்மாநிலங்களிலே, எத்துணைக் கல்வியும் பதவியும் உடையவராயினும், கறுப்பினப் பெண்ணொருத்தியைத் ‘திருமதி’ என்று வெள்ளையர் அழைப்பதில்லை. அன்று பெயர் சொல்லி அழைக்கப்பட்டவரோ ஒரு கல்லூரியை நிறுவி அதன் தலைவராக விளங்கியவர். அமெரிக்க மத்திய அரசாங்கத்திலே ஒரு பிரிவின் பணிப்பாளர். நாடளாவிய பெண்கள் பேரவை ஒன்றின் தலைவி. மேரி மக்லியொட் பெத்தூன் என்னும் அந்தப் பெருமாட்டி தமது பெயருக்கு முன்னே வரவேண்டிய அந்த ஒரு சொல்லை எவ்வாறு ஈட்டிக்கொண்டார் என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

1875 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆந் திகதி, தென் கரோலினா மாநிலத்தின் மேஸ்வில் என்னும் சிற்றூரின் அருகே மேரி பிறந்தார். பெற்றோரான சாமுவேலும் பற்சியும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். உள்நாட்டுப் போர் 1865 இல் முடிவுற்றபோதே அவர்கள் விடுதலை பெற்றனர். அவர்களுக்குப் பிறந்த பதினேழு பிள்ளைகளுள் மேரி பதினைந்தாமவர். மூத்தவர்களுட் பலர் அடிமைகளாகப் பிறந்திருக்க, மேரியோ சுதந்திரத்திலே பிறந்தார். எனினும் பருத்தித் தோட்டமும் வறுமையும் அக்குடும்பத்தை விட்டகலவில்லை.

ஒருநாள் தாயாரோடு, அவரை முன்னர் அடிமை கொண்டிருந்த குடும்பத்தாரின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அங்கே கிடந்த புத்தகம் ஒன்றைச் சிறுமி மேரி கையிலெடுத்தார். அவ்வீட்டுப் பிள்ளை அதை வைத்துவிடுமாறு கண்டித்து, உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே என்று கூறியது. அம்மையார் முதுமையிலும் இந்நிகழ்ச்சியை மறவாது கூறுவதுண்டு. வெள்ளையருக்கும் தமக்கும் இடையேயுள்ள வேற்றுமை எழுத்தறிவிலேதான் இருக்கிறதென்று அன்று தமக்குத் தோன்றியது என்பார். அந்தக் குழந்தை மனம் கண்ட முடிவு முழு உண்மையாகாது. எழுத்தறிந்த கறுப்பினத்தவருக்கும் எத்தனை கதவுகள் அடைபட்டுக் கிடந்தன என்பதைப் பின்னர் அவரே கண்டார். ஆயினும் அவரைப் படிப்பின் பால் உந்திய முதல் உந்துதல் அதுவே.

விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்கென்று மேஸ்விலிலே மிஷன் பாடசாலை ஒன்று திறக்கப்பட்டது. எமா வில்சன் என்னும் கறுப்பின ஆசிரியை அதனை நடத்தினார். மக்லியொட் குடும்பத்தாரால் ஒரேயொரு பிள்ளையைத்தான் வயல்வேலையிலிருந்து விடுவித்து அனுப்ப முடிந்தது; அப்பேறு மேரிக்கு வாய்த்தது. நாள்தோறும் பல மைல் நடந்து சென்று கற்ற பாடத்தை, மாலையில் வீட்டார்க்கும் அவர் கற்பித்தார். கல்வி தமக்கு மட்டும் உரிய உடைமையன்று என்னும் எண்ணம் அந்த நடையிலேயே தோன்றியது எனலாம்.

பின்னர், டென்வர் நகரிலே தையல் வேலை செய்து சீவித்த மேரி கிறிஸ்மன் என்னும் பெண்மணி, தமது சேமிப்பிலிருந்து கறுப்பினப் பிள்ளை ஒருவரின் மேற்படிப்புக்கு உதவ முன்வந்தார். அவ்வுதவியால் 1888 முதல் 1894 வரை வட கரோலினாவிலுள்ள ஸ்கோஷியா கல்லூரியிலும், அதன்பின் ஓராண்டு சிக்காகோ நகரில் மூடி என்பார் நிறுவிய சமயக் கல்விக்கூடத்திலும் மேரி பயின்றார். ஆபிரிக்காவுக்குச் சென்று சமயத்தொண்டு புரியவேண்டும் என்பதே அவருடைய பேரவா. ஆனால் மிஷன் சபையோ, கறுப்பினத் தொண்டர்களுக்கு ஆபிரிக்காவிலே இடமில்லை என்று அவருடைய விண்ணப்பத்தை மறுத்துவிட்டது. தம் முன்னோரின் தாயகத்துக்குத் தொண்டு செய்யச் செல்லவும் தமது நிறமே தடையாக நின்றதை எண்ணி அவர் மிகவும் வருந்தினார். ஆயினும் மனமொடிந்துவிடவில்லை. ஜோர்ஜியா மாநிலத்தின் ஓகஸ்தா நகரிலே, அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த லூசி லேனி என்னும் அம்மையார் நடத்திய பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்தார். ஒரு கறுப்பினப் பெண் தானே ஒரு கல்விக்கூடத்தை நிறுவி நடத்தலாம் என்பதை அங்கேதான் கண்ணாரக் கண்டார். 1898 இல் ஆசிரியரான அல்பேட்டஸ் பெத்தூனை மணந்து திருமதி பெத்தூன் ஆனார்.

அக்காலத்திலே புளோரிடா மாநிலத்தின் கீழ்க்கரையை அடுத்துப் புகையிரதப் பாதை அமைக்கும் வேலை நடைபெற்றுக்கொண்டிருந்தது. கறுப்பினக் கூலியாளர் குடும்பங்குடும்பமாக அங்கே சென்று குடியேறினர். வேலை இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. அதே கடற்கரையிலே குளிர்காலத்தைக் கழிப்பதற்குச் செல்வந்தர் பலர் வந்து தங்குவர். தேவையுடையோரும் உதவக்கூடியோரும் ஒரே இடத்திற் கூடியிருப்பதை அம்மையார் கண்டார். தமது சிறு மகனோடு டேற்றோனா நகருக்கு வந்து, மாதம் பதினொரு டொலர் வாடகைக்கு ஒரு சிறு வீட்டை அமர்த்தி, 1904 ஆம் ஆண்டு ஒக்டோபர் 3 ஆந் திகதி பாடசாலையைத் திறந்தார். அன்று அவர் கையில் இருந்த மூலதனம் ஒரு டொலர் ஐம்பது சதம். இடாப்பிலே இருந்த பெயர்கள் ஐந்து சிறுமியரும், தம் மகனும்.

நேயர்களே, நானும் ஒரு பாடசாலையின் அதிபர். அரசாங்கம் கட்டிடந் தருகிறது. மேசையும் வாங்கும் தருகிறது. மாத முடிவிலே சம்பளமுந் தருகிறது. இத்தனையும் இருந்தும் ஒரு தவணை முடிவதற்குள் எங்களுக்கு எத்தனை முட்டுப்பாடுகள்! இவை ஒன்றுமே இல்லாத இடத்தில் அம்மையார் செய்ததை எண்ணிப் பாருங்கள். பழைய மரப்பெட்டிகள் மேசைகளாயின. எரிந்த கட்டையின் கரி எழுதுகோலாயிற்று. காட்டுப் பழங்களின் சாறு மையாயிற்று. விடுதிகளிலும் குப்பைமேட்டிலும் எறியப்பட்ட பாத்திரங்களும் உடைந்த கதிரைகளும் திருத்தி எடுக்கப்பட்டன. புகையிரதப் பாதை வேலையாட்களுக்கு ஐஸ்கிறீமும், வற்றாளங்கிழங்கிற் செய்த இனிப்புப் பணியாரமும் விற்றுப் பெற்ற சில்லறைக் காசே பாடசாலையின் வருவாய்.

மாணவியர் தொகை பெருகவே சொந்த நிலம் வேண்டியதாயிற்று. ஊரார் குப்பை கொட்டிய சதுப்பு நிலம் ஒன்றை 250 டொலருக்குப் பேசி, முதற் கொடுப்பனவாக ஐந்து டொலரைச் சில்லறையாகச் சேர்த்துக் கைக்குட்டையிற் பொதிந்து கொண்டுபோய்க் கொடுத்தார். 1907 இல் அக்குப்பைமேட்டின் மீது ‘விசுவாச மண்டபம்’ என்னும் கட்டிடம் எழுந்தது. கற்பதற்காக உள்ளே வருக, தொண்டுக்காக வெளியே செல்க என்னும் கருத்தே அக்கல்விக்கூடத்தின் குறிக்கோளாக விளங்கிற்று.

அம்மையாரின் நிருவாகத்திறன் இங்கேதான் தெளிவாகப் புலப்படுகிறது. செல்வந்தரிடம் அவர் பொருள் கேட்டுச் சென்றார். ஆனால் இரந்து நிற்கவில்லை. சவர்க்கார உற்பத்தியிற் பெயர்பெற்ற நிறுவனத்தாருள் ஒருவரான ஜேம்ஸ் காம்பிள், அம்மையாரின் கடிதத்தைக் கண்டு பாடசாலையைப் பார்க்க வந்தார். வந்தவர் சில பெட்டிகளையன்றி வேறெதுவுங் காணாது, பாடசாலை எங்கே என்று வினவினார். அது தமது உள்ளத்தில் இருக்கிறது என்றும், அந்தக் கனவுக்கே அவரைத் தருமகர்த்தாவாக இருக்கும்படி வேண்டுவதாகவும் அம்மையார் விடையிறுத்தாராம். அவரும் இசைந்தார், நெடுங்காலம் அப்பொறுப்பை வகித்தார். தையல் இயந்திரத் தொழிலதிபரான தோமஸ் வைற் என்பாரும் இவ்வாறே உதவினார். ஞாயிறு மாலைகளிலே மாணவியரின் பாடலையும் பேச்சையும் கேட்கச் சுற்றுலா வந்த வெள்ளையர் திரளுவர். அங்கே அவர்களுக்கென்று தனியிடம் ஒதுக்கப்படவில்லை. வந்தவர் எவராயினும் இருந்த இடத்தில் அமரவேண்டியதே. ஊர்ச் சட்டமும் வழக்கமும் பிரித்துவைத்த இரு சாராரும் அந்த ஒரு கூரையின் கீழ் ஒன்றாய் அமர்ந்தனர்.

தையலும் சமையலும் தோட்டவேலையும் கற்பித்தமையாலும், பொருளுதவி செய்தோருட் பெரும்பாலார் வெள்ளையராயிருந்தமையாலும், அவர் மீது குறைகூறியோரும் உண்டு. கறுப்பினத்தவருக்குக் கைத்தொழிற் கல்வியே போதும் என்பாரும், உயர்கல்வியின்றி விடிவில்லை என்பாரும் இரு சாராராய் நின்று வாதிட்ட காலம் அது. அம்மையாரின் விடை செயலிலே இருந்தது. கைவேலையோடு தொடங்கிய பாடசாலையில் உயர்தர வகுப்புகளும் ஆசிரியப் பயிற்சியும் படிப்படியாக வந்தன. 1923 இல், ஜக்சன்வில் நகரில் 1872 முதல் இயங்கிவந்த குக்மன் கல்விக்கூடம் இதனோடு இணைந்தது. 1931 இல் அது பெத்தூன்-குக்மன் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 2007 இல் பல்கலைக்கழகம் ஆயிற்று. முதற் சமையற்கட்டை இகழ்ந்தவர்கள் அதன் பின்னே எழவிருந்த நூலகத்தைக் காணவில்லை போலும்.

அம்மையாரின் வாழ்வில் ஒரு முறைமை உண்டு. ஒரு கதவு அடைபட்டால் அதன் முன்னே நின்று அழுவதில்லை; அடுத்த நாளே வேறொரு கதவைத் தாமே செய்யத் தொடங்குவார். மாணவி ஒருத்திக்குக் கடும் வயிற்றுநோய் கண்டு உடனே சத்திரசிகிச்சை வேண்டியிருந்தது. வெள்ளையர் வைத்தியசாலையிலே அவளை ஏற்றுக்கொண்டனராயினும், பின்புறத் தாழ்வாரத்திலேயே கிடத்தியிருந்தனர். அதைக் கண்ட அம்மையார் 1911 இல் தமது பாடசாலை வளவிலேயே சிறு வைத்தியசாலை ஒன்றைத் திறந்தார். இரண்டே கட்டில்களோடு தொடங்கிய அது இருபது கட்டில்கள் வரை வளர்ந்து, கறுப்பினப் பெண்களுக்குத் தாதிப் பயிற்சியும் அளித்தது. 1918 இல் உலகெங்கும் பரவிய கொடிய சளிக்காய்ச்சல் அந்நகரையும் வாட்டியபோது, நோயாளர்க்கு அது புகலிடமாயிற்று.

1920 இலே அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆனால் தென்மாநிலங்களிற் கறுப்பினத்தவர் வாக்களிப்பதைத் தடுப்பதற்கு வாக்குவரியும், எழுத்தறிவுச் சோதனையும், இவை போதாவிடத்து அச்சுறுத்தலும் இருந்தன. அம்மையார் இரவு வகுப்புகள் நடத்தி மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தார். வரிக்குரிய பணத்தைத் திரட்டினார். தேர்தலுக்கு முன், முகமூடியணிந்த கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தினர் பாடசாலையை எரிப்போம் என்று மிரட்டி வளவுக்கு வந்தனர். அம்மையார் விளக்குகளை ஏற்றுவித்து, மாணவியரைப் பத்திப் பாடல்கள் பாடச் செய்து, தாம் வெளியே நின்று அவர்களை எதிர்கொண்டார் என்பர். வந்தவர்கள் கலைந்து போயினர். மறுநாட் காலை அவர் ஏறக்குறைய நூறு பேரைத் தாமே அழைத்துச் சென்று வாக்களிக்கச் செய்தார். வாக்களிக்கச் சென்ற அந்த நூறு பேருட் பலர் அவருடைய இரவு வகுப்பில் அரிவரி படித்தவர்கள் என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும்.

இவ்வாறு ஊரளவில் தொடங்கிய தொண்டு நாடளாவியதாயிற்று. 1924 முதல் 1928 வரை கறுப்பினப் பெண்கள் கழகங்களின் தேசியச் சங்கத்துக்கு அவர் தலைமை தாங்கினார். 1935 டிசெம்பரிலே நியூ யோர்க் நகரில், பல சங்கங்களையும் ஒன்றிணைத்துக் கறுப்பினப் பெண்கள் தேசியப் பேரவையை நிறுவினார். 1936 இல் ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற்றின் ஆட்சியிலே, தேசிய இளைஞர் நிருவாகத்தின் கறுப்பினத்தவர் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். மத்திய அரசாங்கத்தின் ஒரு பிரிவுக்குத் தலைமை வகித்த முதற் கறுப்பினப் பெண் அவரே. அக்காலம் பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய காலம். படிப்பை இடையில் விட்ட இளைஞருக்கு உதவிப்பணமும் தொழிற்பயிற்சியும் வழங்குவது அந்நிருவாகத்தின் பணி. உதவி தன் இனத்தாரையும் சென்றடைகிறதா என்பதை அவர் மாநிலம் மாநிலமாகச் சென்று கண்காணித்தார். கறுப்பின அலுவலர் நியமிக்கப்படவேண்டும் என வற்புறுத்தினார். உயர்கல்வி கற்கும் கறுப்பின மாணவர்க்கெனத் தனிநிதி ஒன்றையும் பெற்றார். அரசாங்கத்திலே பல்வேறு அலுவல்களில் இருந்த கறுப்பின அறிஞர்களைத் தம் இல்லத்திற் கூட்டி ஆலோசனை நடத்தினார். ‘கறுப்பு அமைச்சரவை’ என்று உலகோர் அழைத்த குழு அது. அதில் இடம்பெற்ற றொபேட் வீவர், 1966 இல் அமெரிக்காவின் முதற் கறுப்பின அமைச்சரானார்.

இவற்றைக் கூறும்போது ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அந்நிருவாகத்தின் திட்டங்கள் பல இடங்களிலே இனப்பிரிவினையோடுதான் நடைபெற்றன. அதனை ஒரே நாளில் ஒழிக்கும் அதிகாரம் அம்மையாரிடம் இருக்கவில்லை. பிரிவினை ஒழியும்வரை பசித்திருக்கும் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்வதா, கிடைப்பதை இன்று பெற்றுக் கொடுத்துக்கொண்டே பிரிவினையை எதிர்ப்பதா என்னும் வினா அவர் முன் இருந்தது. அவர் இரண்டாவது வழியைத் தெரிந்தார். அது பொறுமையின் வழி. ஏச்சுக்கும் இலக்காகும் வழி. நிருவாகப் பொறுப்பில் இருந்தவர்கள் அவ்வழியின் பாரத்தை உணர்வர்.

1945 இலே சான் பிரான்சிஸ்கோ நகரில் ஐக்கிய நாடுகள் சபை உருவானபோது, டு பொயிஸ், வோல்ற்றர் வைற் ஆகிய தலைவர்களோடு அம்மையாரும் ஆலோசகராகச் சென்றிருந்தார். 1952 இல், ஆபிரிக்காவின் லைபீரிய நாட்டு ஜனாதிபதி பதவியேற்ற விழாவுக்கு அமெரிக்காவின் பிரதிநிதிகளுள் ஒருவராகச் சென்றார். இளமையிலே எந்த மண்ணிற் கால் வைக்க இடமில்லை என்று மிஷன் சபை மறுத்ததோ, அந்த ஆபிரிக்க மண்ணில், எழுபத்தாறாம் வயதிலே, தம் நாட்டின் தூதராக அவர் இறங்கினார். 1954 மே 17 ஆந் திகதி, பாடசாலைகளில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு மாறானது என அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைக் காணும் பேறு அம்மையாருக்கு வாய்த்தது. ஓராண்டும் ஒரு நாளும் கழித்து, 1955 மே 18 ஆந் திகதி, டேற்றோனாவிலுள்ள தம் இல்லத்திலே அவர் காலமானார். தாம் கட்டிய கல்லூரியின் வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மறைந்தபின் மரியாதைகள் வந்தன. 1974 இல் வாஷிங்டன் நகரின் லிங்கன் பூங்காவிலே அவருக்குச் சிலை எழுந்தது. அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டிடத்தில் ஒவ்வொரு மாநிலமும் தன் சார்பிலே இரண்டு சிலைகளை வைக்கும் வழக்கம் உண்டு. புளோரிடா மாநிலத்தின் சார்பில் அங்கே நெடுங்காலம் நின்றது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படைத்தலைவர் ஒருவரின் சிலை. அது அகற்றப்பட்டு, 2022 ஜூலை 13 ஆந் திகதி அம்மையாரின் வெண்சலவைக்கற் சிலை திறந்துவைக்கப்பட்டது. அத்தொகுதியில் ஒரு மாநிலத்தின் சார்பாக நிறுத்தப்பட்ட முதற் கறுப்பினத்தவர் அவரே. பட்டமளிப்பு உடையணிந்து, கையிலே கருநிற ரோசாமலர் ஒன்றை ஏந்தி நிற்கிறார்.

சிலைகள் நல்லவைதாம். ஆனால், நேயர்களே, சிலை தலை நிமிர்ந்து நிற்க நாம் ஒன்றுஞ் செய்யவேண்டியதில்லை, கல்லே பார்த்துக்கொள்ளும். உயிரோடு உழைப்பவர் தலை நிமிர்ந்து நிற்பதற்கோ நம் உதவி தேவை. பேர்மிங்காம் மண்டபத்திலே அம்மையார் கேட்டது மாலையும் பட்டமும் அன்று. வேலை செய்துகொண்டிருக்கும் காலத்திலேயே, வேலைக்குரிய மதிப்போடு அழைக்கப்படவேண்டும் என்பதே. அன்று அவர் தமக்காக மட்டும் கேட்டிருப்பின் அதைச் சிறு தன்மானம் என்று விட்டுவிடலாம். அவருக்குப் பின்னே அம்மண்டபத்தின் ஒரு பக்கத்தில் அமர்த்தப்பட்டிருந்த ஒவ்வோர் ஆசிரியைக்காகவும், தாதிக்காகவும், சலவைத் தொழிலாளிக்காகவும் கேட்டார். அவரிடம் பயின்றும் அவரோடு பழகியும் வளர்ந்தவர்கள் அப்பணியைத் தொடர்ந்தனர். அவருடைய பேரவையை 1957 முதல் நாற்பதாண்டு காலம் வழிநடத்திய டொறதி ஹைற் அம்மையார் அவர்களுள் ஒருவர்.

ஓர் ஊரிலே பிள்ளைகளுக்குப் பள்ளியும், நோயாளர்க்குக் கட்டிலும், வாக்குரிமைக்குத் துணையுமாய் உழைக்கும் பெண்ணை அவ்வூர் எவ்வாறு அழைக்கிறது என்பது, அப்பெண்ணின் தகுதியைக் காட்டிலும் அவ்வூரின் தகுதியையே எடுத்துக்காட்டும். டேற்றோனாவின் குப்பைமேடு இன்று ஒரு பல்கலைக்கழக வளவு. அங்கே கொட்டப்பட்ட குப்பையை அம்மையார் சில ஆண்டுகளில் அகற்றிவிட்டார். ‘திருமதி’ என்னும் ஒரு சொல்லை ஒரு பேரவையின் வாயிலிருந்து பெறுவதற்கோ அவருக்கு அறுபத்துமூன்று வயதாகவேண்டியிருந்தது. இதனை நாளை காலை, நம்மோடு பணிபுரிவோரைப் பெயர் சொல்லி அழைக்க வாய் திறக்கும்போது, நாம் ஒரு கணம் நினைத்துப் பார்ப்போமாக.